கொட்டுபவரை விட்டுவிட்டு வாசலைப் பூட்டச் சொல்வதா?

சென்ற இதழில் தொல்லை அழைப்புகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விளம்பரத் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர் எழுதியது. விளம்பர அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் இன்றைய வணிகத்தின் இயல்பான பகுதி. பிடிக்காதவர்கள் அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டுப் போகலாம். தெரியாத நம்பரை எடுக்காமலே விடலாம். இதற்கெல்லாம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிமுறை போட்டுக் கெடுபிடி செய்வது சிறு வணிகர்களின் வயிற்றில் அடிப்பது. இதுதான் அவர் வாதம். இரண்டு விநாடியில் முடிகிற வேலைக்கு இவ்வளவு கூச்சலா என்றும் கேட்டிருக்கிறார்.

அந்த இரண்டு விநாடியிலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரையில் என் அத்தை தனியாக இருக்கிறார். வயது 74. கையில் இருப்பது பட்டன் போன். போன மழைக்காலத்தில் நான் அங்கே இருந்தபோது சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் சிலிண்டரை வாசலில் நிறுத்திவிட்டு, "பாட்டி, மெசேஜ்ல வந்த நம்பரச் சொல்லுங்க" என்றார். அத்தை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினார். நம்பர் வரவில்லை. திரையின் மூலையில் சின்னக் கடித உறை ஒன்று மின்னி மின்னி மறைந்தது. இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. போனை வாங்கிப் பார்த்தேன். உடனடிக் கடன். புறநகரில் மனை. மறுபடியும் கடன். ரம்மி விளையாட்டு. கடன். பல் ஆஸ்பத்திரி. கடன். ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் 'அழிக்கவா?' என்று போன் கேட்டது. 40 மெசேஜ் அழித்த பிறகுதான் சிலிண்டருக்கான நம்பர் உள்ளே வந்தது. அதற்குள் அவர், "இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்கு பாட்டி" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிலிண்டர் மறுநாள் வந்தது. அன்று ராத்திரி பக்கத்து வீட்டில்தான் பால் காய்ச்சினோம்.

"ஏப்பா, நான் யாருகிட்டயும் கடன் கேக்கலையே, இதெல்லாம் யாரு எனக்கு அனுப்புறா?" என்று அத்தை கேட்டார். கட்டுரையாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. அவருடைய பத்துப் பத்திகளில் எங்குமே அதற்குப் பதில் இல்லை. இருப்பதெல்லாம் பெறுபவருக்கான அறிவுரை: பிளாக் செய், அழி, எடுக்காதே, செட்டிங்ஸை மாற்று. அனுப்புகிறவருக்கு ஒரு வரி அறிவுரைகூட இல்லை.

தெரியாத நம்பரை எடுக்காதீர்கள் என்கிறாரே, அதை யாரிடம் சொல்கிறார்? எங்கள் தெருவுக்கு வரும் பிளம்பர் ஒருவர், என் வீட்டுச் சமையல்கட்டில் சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஸ்பேனரைக் கீழே வைத்து, வெளியே நகர்ந்து வந்து, கையைத் துணியில் துடைத்து, போனை எடுத்துக் காதில் வைத்தார். கிரெடிட் கார்டு. மறுபடி உள்ளே போனார். கால் மணி நேரத்தில் மறுபடி அடித்தது. பதிவு செய்த பெண் குரல், பெர்சனல் லோன். அன்று அவர் இருந்த மூன்று மணி நேரத்தில் புது நம்பரிலிருந்து ஐந்து அழைப்புகள். இரண்டு மட்டும் வேலைக்கான அழைப்பு. "எடுக்காம விட்டுடலாமே" என்றேன். "சார், புது நம்பர்தான் சார் எனக்குச் சோறு" என்றார்.

ஆட்டோ ஓட்டுபவருக்கும் சமையல் ஆர்டர் எடுப்பவருக்கும் இதே கதைதான். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்கு அழைப்பு தெரியாத நம்பரிலிருந்துதான் வரும். பிள்ளை பள்ளியில் மயங்கி விழுந்தால் ஆசிரியர் தன் சொந்த போனிலிருந்து கூப்பிடுவார். விபத்தில் சிக்கியவரின் வீட்டுக்கு யாரோ ஒரு வழிப்போக்கர் கூப்பிடுவார். தெரியாத நம்பரை எடுக்காமல் இருப்பது மாதச் சம்பளமும் நிலையான தொடர்புகளும் உள்ளவர்களுக்குக் கட்டுப்படியாகும். கட்டுரையாளர் தன் வாழ்க்கையை அளவுகோலாக வைத்து ஊரை அளந்திருக்கிறார்.

அவர் சொன்னபடியே எல்லாரும் செய்யத் தொடங்கிவிட்டோம் என்பதுதான் இதில் பெரிய நஷ்டம். புது நம்பர் என்றால் யாரும் எடுப்பதில்லை. ரத்தம் கேட்டு அழைப்பவர், பஸ்ஸில் தவறவிட்ட பையைக் கண்டெடுத்து அழைப்பவர், எல்லாரும் மணியடித்து ஓய்ந்துபோகிறார்கள். ஒரு நாட்டின் தொலைபேசியையே நம்பிக்கைக்கு உதவாத பொருளாக ஆக்கிவிட்டு, அதன் பெயர் வணிகம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்து, அவர் மிகவும் நம்பி எடுத்து வைத்த வாதத்துக்கு வருகிறேன். பலன் இல்லாமல் யாராவது காசு போட்டு விளம்பரம் அனுப்புவார்களா, தொடர்ந்து அனுப்புகிறார்கள் என்றால் மக்கள் வாங்குகிறார்கள் என்றுதானே பொருள் என்கிறார். கேட்பதற்கு நியாயம்போல இருக்கிறது. இது முழுக்கத் தவறு என்று 2008 இலேயே காட்டியாயிற்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ, பெர்க்லி வளாகங்களின் ஆராய்ச்சியாளர்கள், கேட்காத விளம்பரங்களை, அதாவது ஸ்பேமை, அனுப்பும் 'ஸ்டார்ம்' என்ற வலையமைப்பின் ஒரு பகுதிக்குள் நுழைந்து, அதன் வழியே போன மின்னஞ்சல்களைப் பின்தொடர்ந்தார்கள். மருந்து விற்கும் விளம்பரங்கள் அவை. 26 நாள், சுமார் 35 கோடி மின்னஞ்சல். பொருளை வாங்கப் பணம் கட்டும் கட்டம்வரை வந்தவர்கள் 28 பேர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளருக்காக ஒன்றே கால் கோடி முறை கதவைத் தட்டியிருக்கிறார்கள். தெருவில் கடை வைத்திருக்கும் எவரும் இப்படி ஒரு வியாபாரத்தை ஒரு நாள்கூட நடத்த முடியாது. தட்டும் கைக்குக் கூலி கொடுத்தே கடை மூழ்கிவிடும். ஸ்பேம் மூழ்காததற்குக் காரணம், தட்டுவதற்கு அவர்களுக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. செலவு முழுவதும் கதவைத் திறக்கிறவன் தலையில். ஆகவே, தொடர்ந்து அனுப்புகிறார்கள் என்பது மக்கள் விரும்புகிறார்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது. அனுப்புவது மலிவு என்பதற்குத்தான் அது சாட்சி.

அந்தச் செலவையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் ராவ், டேவிட் ரைலி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2012 இல் எழுதிய ஆய்வின்படி, மின்னஞ்சல் ஸ்பேமால் அமெரிக்க மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 கோடி டாலர் நஷ்டம். ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்கு உலகம் முழுக்கக் கிடைப்பது 20 கோடி டாலர் அளவு. அவர்கள் ஒரு ரூபாய் எடுக்க நாம் நூறு ரூபாய் இழக்கிறோம். சந்தையின் வளர்ச்சி என்று கட்டுரையாளர் எதைக் கொண்டாடுகிறாரோ அது நாட்டுக்கு நிகர நஷ்டம்.

மின்னஞ்சலும் போன் அழைப்பும் ஒன்றல்ல, அழைப்பில் பேசுகிறவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே என்று அவர் சொல்லலாம். உண்மைதான். அந்தச் சம்பளமும் மிச்சமாகட்டும் என்றுதானே இப்போது பதிவுக் குரலும் தானாக நம்பர் போடும் இயந்திரமும் வந்திருக்கின்றன? பேசுகிற பெண்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி கல்லூரி முடித்து எட்டு மாதம் அந்த வேலை பார்த்தாள். நாளெல்லாம் முன்பின் தெரியாத ஆட்களிடம் திட்டு வாங்கிவிட்டு, ராத்திரி வந்து சாப்பிடப் பிடிக்காமல் படுத்துக்கொள்வாள். அவளுக்கு டார்கெட் வைத்து உட்காரவைத்தவர் யார், அவள் கையில் அந்த நம்பர் பட்டியலைக் கொடுத்தவர் யார் என்பதுதான் என் கேள்வி.

பட்டியல் என்றதும் அவருடைய இன்னொரு வாதம் வருகிறது: நம்பரை நீங்கள்தானே கொடுத்தீர்கள்? கொடுத்தோம். துணிக்கடை பில்லிங் கவுன்டரில் நமக்குப் பின்னால் எட்டுப் பேர் நிற்க, "மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்" என்று கேட்டால் சொல்லிவிடுகிறோம். சொல்லாவிட்டால் பில் போட முடியாது என்றுகூடப் பல இடங்களில் சொன்னார்கள். அது கூடாது, நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. பில்லுக்காகக் கொடுத்த நம்பர் பில்லுக்கு மட்டும்தான். பால்காரருக்கு விலாசம் சொன்னதால் ஊரார் எல்லாரும் அடுப்படிவரை வரலாம் என்று ஆகிவிடுமா? அதுவும் என் அத்தை எந்த மாலுக்கும் போனவர் இல்லை. ஆஸ்பத்திரியிலும் பாங்கிலும் கொடுத்ததைத் தவிர அவர் நம்பர் வேறெங்கும் போகவில்லை.

பேச்சுரிமையையும் இழுத்திருக்கிறார். வணிக விளம்பரமும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று டாடா பிரஸ் வழக்கில் 1995 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. பேசும் உரிமைதான் அது. கேட்க மறுக்கிறவனின் காதைப் பிடித்து இழுக்கும் உரிமை அதில் இல்லை. பேச்சுரிமைக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, வேண்டாத விளம்பரத் தபாலை நிறுத்தச் சொல்லும் உரிமை பெறுபவருக்கு உண்டு என்று 1970 இல் ரோவன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே 2017 இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 1995 ஐ நினைவில் வைத்திருப்பவர் 2017 ஐ மறந்தது எப்படி?

சிறு வணிகர் பெயரைச் சொல்லி அவர் வடிக்கும் கண்ணீரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தையின் போனில் நான் அழித்த 40 மெசேஜில் ஒன்றுகூட அவர் தெருவில் இருக்கும் கடைக்காரருடையது இல்லை. மளிகைக் கடை அண்ணாச்சி ஒரு நாளும் அவருக்கு மெசேஜ் அனுப்பியதில்லை. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி வியாபாரம் செய்கிறவர் ஆடித் தள்ளுபடிக்கு ஒரு மெசேஜ் அனுப்ப நினைத்தால், டிராயின் 2018 விதிமுறையின்படி பதிவு செய்து, தன் பெயரிலேயே, விரும்பிய வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர் முறையாக அனுப்பும் அந்த ஒரு மெசேஜ், கடன் கம்பெனிகளும் சூதாட்டச் செயலிகளும் கொட்டிய குப்பைக்கு அடியில் படிக்கப்படாமலே போகிறது. சிறு வணிகர் இந்தக் கூத்தில் பலியானவர். அவரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பெரிய கம்பெனிகளுக்காக வாதாடுவது நேர்மையான எழுத்து ஆகாது.

குப்பைக்கு நடுவில்தான் திருடனும் ஒளிந்து வருகிறான். 'இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பரைக் கூப்பிடவும்' என்ற போலிச் செய்தி 2022 இல் தமிழ்நாட்டில் எத்தனை போனுக்கு வந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். மின்வாரியமும் போலீசாரும் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டே செய்தி வரும் போனாக இருந்தால், அதில் ஒன்று விநோதமாக இருப்பதை என் அத்தையே கண்டுபிடித்துவிடுவார். இருபது வருகிற போனில் எது பாங்க், எது மோசடி, எது மனை விற்பனை என்று யாரால் பிரிக்க முடியும்? தொல்லை வேறு, மோசடி வேறு என்று கட்டுரையாளர் அழகாகக் கோடு போட்டிருக்கிறார். பெறுபவரின் திரையில் அந்தக் கோடு தெரிவதில்லை.

தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும், சட்டம் வேண்டாம் என்ற வாதத்துக்கு வயது இருபதுக்கு மேல். இரண்டே ஆண்டில் ஸ்பேம் தீர்ந்துவிடும் என்று 2004 ஜனவரியில் தாவோஸில் பில் கேட்ஸ் சொன்னார். தீரவில்லை. ஏர்டெல் 2024 இல் சந்தேகமான அழைப்பைத் திரையில் ஸ்பேம் என்று காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் இது ஸ்பேம் என்று நெட்வொர்க்குக்கே தெரிகிறபோது, அந்த இணைப்பை வாங்கியவர் யார் என்று மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? அந்த சிம்மை விற்றதும், அந்த அழைப்பைச் சுமந்ததும், அதற்குக் கட்டணம் வாங்கியதும் ஒரு தொலைபேசி நிறுவனம்தானே? வடிகட்டியைப் பெறுபவர் கையில் கொடுத்துவிட்டு அனுப்புகிறவரிடம் தொடர்ந்து காசு வாங்குவதை நான் தீர்வு என்று ஏற்க மாட்டேன்.

அனுப்பும் இடத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2008 நவம்பர் 11 அன்று கலிஃபோர்னியாவில் மெக்கோலோ என்ற ஒரே ஒரு இணைய நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தார்கள். உலகம் முழுவதற்குமான மின்னஞ்சல் ஸ்பேம் ஒரே இரவில் பாதிக்கும் கீழே போனது. சில மாதங்களில் வேறு இடங்களிலிருந்து திரும்ப ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை அடித்துவிட்டு ஓய்ந்தால் அப்படித்தான் ஆகும். கோடிக்கணக்கான மக்கள் ஆளுக்கொரு வடிகட்டி மாட்டியதால் நடக்காதது, ஒரு கம்பெனியின் ஒயரைப் பிடுங்கியதில் நடந்தது.

கட்டுரையாளரின் வாதங்களில் பாதியளவாவது உண்மை உள்ளது ஒன்றே ஒன்றுதான். 2007 இல் விளம்பர அழைப்பு வேண்டாதவர்களுக்கான முதல் பதிவேடு, 2010 இல் ஒரு விதிமுறை, 2018 இல் இன்னொன்று. இத்தனை வந்தும் தொல்லை நின்றதா என்று கேட்கிறார். நிற்கவில்லை. எதனால் நிற்கவில்லை என்பதைச் சொல்லாமல் நழுவியிருக்கிறார். பதிவு செய்த டெலிமார்க்கெட்டர்கள் 140 இல் தொடங்கும் நம்பரிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்றது விதி. பதிவே செய்யாதவர்கள் உங்களையும் என்னையும் போலச் சாதாரணப் பத்து இலக்க நம்பரை வாங்கிக்கொண்டு புகுந்தார்கள். புகார் கொடுக்கிறவருக்கோ அப்போது மூன்றே நாள் அவகாசம் இருந்தது. ஒரு நம்பர்மேல் ஏழு நாளில் பத்துப் புகார் சேர வேண்டியிருந்தது. ஓட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்பதால் பானையே வேண்டாம் என்று சொல்வதா?

ஓட்டையை அடைக்கத் தொடங்கியபோது என்ன நடந்தது? 2024 முதல் ஆறு மாதங்களில் மட்டும் பதிவு செய்யாத டெலிமார்க்கெட்டர்கள்மீது 7.9 லட்சத்துக்கு மேல் புகார்கள். ஆகஸ்டில் டிராய், இப்படி அழைப்பவர்களின் எல்லா இணைப்புகளையும் துண்டித்து, இரண்டு ஆண்டுவரை கறுப்புப் பட்டியலில் வையுங்கள் என்று தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சில வாரங்களுக்குள் 2.75 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் போயின. அந்த ஆகஸ்டில் 1.89 லட்சமாக இருந்த புகார், 2025 ஜனவரியில் 1.34 லட்சமாக இறங்கியது. போதாது, இன்னும் இறங்க வேண்டும். ஆனால் அழுத்திப் பிடித்தால் குறைகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இதே காலத்தில் எந்தச் சிறு வணிகரின் கடை இதனால் மூடப்பட்டது என்று கட்டுரையாளர் ஒரு பெயராவது சொல்லட்டும்.

2025 பிப்ரவரியில் விதியை இன்னும் இறுக்கினார்கள். புகார் கொடுக்க மூன்று நாளுக்குப் பதில் ஏழு நாள். பதிவு செய்யாதவர்மேல் புகார் கொடுக்க, நீங்கள் 'தொந்தரவு செய்யாதீர்' (டிஎன்டி) பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டியதில்லை. விளம்பர எஸ்எம்எஸ் அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். புகார் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் தொலைபேசி நிறுவனத்துக்கு முதல் முறை 2 லட்சம், அடுத்து 5 லட்சம், அதற்குப் பிறகு 10 லட்சம் ரூபாய் அபராதம். அந்த நிறுவனங்களின் வருமானத்துக்கு இந்த அபராதம் மிகச் சிறியது என்பது என் கருத்து. சுமந்த ஒவ்வொரு சட்டவிரோத அழைப்புக்கும் இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டும். அனுப்புகிறவருக்கும் சுமக்கிறவருக்கும் கை கடித்தால்தான் இது நிற்கும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது, கட்டுரையாளர் சொன்னதற்கு நேர் எதிர். பிளாக் செய்துவிட்டுப் போகாதீர்கள். பிளாக் செய்தால் உங்கள் ஒருவருக்குத்தான் அமைதி. அதே நம்பர் அடுத்த நிமிடம் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டும். வந்த நம்பரையும் தேதியையும் செய்தியையும் குறித்து, ஏழு நாளுக்குள் 1909 க்கு அனுப்புங்கள். டிராயின் டிஎன்டி செயலியிலும் கொடுக்கலாம். வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கு வந்ததை நீங்கள் உட்கார்ந்து அனுப்பிக் கொடுங்கள். பழைய விதியில் ஏழு நாளில் பத்துப் பேர் புகார் செய்ய வேண்டியிருந்தது. இப்போது பத்து நாளில் ஐந்து பேர் புகார் செய்தாலே, அந்த இணைப்பின்மேல் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அந்த ஐந்து பேரில் ஒருவராக இருங்கள்.